ஐந்தாவது தவறு

"தொறந்துட்டேன்! உள்ள போ தங்கச்சி, போ போ போ!"

ஸ்பீக்கர் போனில் அந்தக் குரல் முடிவதற்குள் அவள் விரல் மவுஸை அழுத்திவிட்டது. திரையில் 'இணைப்பைச் சோதிக்கவும்' என்ற பொத்தான் மங்கியது. சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றியது. இன்னும் சுற்றியது.

பச்சை.

"வந்துடுச்சு அண்ணே!"

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், டிக்கெட் ஹாலில், சத்தத்தின் சுருதியே மாறியது. காலையிலிருந்து கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்த கவுண்டர் பெண்கள் பரபரவென்று பெயரையும் பாஸ்வேர்டையும் தட்டினார்கள். முதல் கவுண்டரின் பிரின்டர் கர்ரென்று ஒரு டிக்கெட்டைத் துப்பியது. வரிசையில் நின்றிருந்த யாரோ விசில் அடித்தார்.

அவள் நாற்காலியில் சாய்ந்து டீயை எடுத்தாள். ஆடை கட்டியிருந்தது. பரவாயில்லை என்று வாயருகே கொண்டுபோனாள்.

சிவப்பு.

"அண்ணே..."

"பாத்துட்டேன். மறுபடியும் பூட்டிக்கிச்சு."

டீ குடிக்கப்படாமலே மேஜைக்குத் திரும்பியது. ஹாலில் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்த இரண்டு கவுண்டர்கள் மட்டும் வேலை செய்தன. மற்ற வரிசைகள் மொத்தமும் அந்த இரண்டை நோக்கிச் சாய, யார் முதலில் வந்தது என்ற சண்டை ஆரம்பமாயிற்று.

"எத்தனாவது தடவை அண்ணே இது?"

"எண்றதை எப்பவோ நிறுத்திட்டேன். தொற, மூடு, தொற, மூடு. இதுக்கு நான் வாட்ச்மேன் வேலைக்கே போயிருக்கலாம். தொப்பியாவது குடுத்திருப்பாங்க."

அது ஒரு பஸ் கம்பெனியின் தலைமை அலுவலகம். அவளுக்கென்று ஒரு நல்ல பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லாருக்கும் அவள் 'தங்கச்சி'. காரணம், அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவளுடைய அண்ணன்.

போனில் இருந்தவர் 'பூட்டு'. இரண்டு மாடி மேலே, ஏசி குளிரில் மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கம்பெனியின் டைரக்டரி அவர் பொறுப்பு. டிரைவர் முதல் சேர்மன் வரை யார் யார் ஊழியர், அவரவர் பாஸ்வேர்ட் என்ன, யார் எந்தக் கதவுவரை போகலாம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் அது. யாராவது ஐந்து முறை தப்பாகப் பாஸ்வேர்ட் போட்டால் அந்தக் கணக்கு பூட்டிக்கொள்ளும். பூட்டு வந்து திறக்கவேண்டும். பெயர் அப்படித்தான் வந்தது.

டிக்கெட், டியூட்டி, டீசல் என்று கம்பெனியின் சகல சாஃப்ட்வேரும் ஓடுவது ஓர் அப்ளிகேஷன் சர்வரில். அது அவள் பொறுப்பு. கவுண்டர் பெண் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தால், சர்வர் தானாக எதையும் முடிவு செய்யாது, டைரக்டரியைக் கேட்கும். ஆனால் வாசலில் நின்று 'இந்தப் பேர்ல உங்ககிட்ட ஒருத்தர் இருக்காரா?' என்று கேட்பதற்கே சர்வருக்கு ஓர் அடையாளம் வேண்டும். அதற்கென்று ஆளில்லாத தனிக் கணக்கு ஒன்று போடுவதுதான் முறை.

அண்ணன் ஆளுள்ள கணக்கைப் போட்டிருந்தான். தன்னுடையதை.

ஏதோ ஓர் அவசரத்தில் செய்தது. நாலைந்து வருஷமாக ஓடியது. போன மழையில் பைக் சறுக்கி, தலையில் அடிபட்டு, அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு ஆளாகத் திரும்பி வந்தான். பேச்சு இல்லை. வலது கை இல்லாத மாதிரிதான். அண்ணியைப் பார்ப்பதும் சுவரைப் பார்ப்பதும் அவனுக்கு ஒன்றாக இருந்தது. "பழைய ஞாபகம் எதையும் எதிர்பார்க்காதீங்க, ஏமாந்துடுவீங்க," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆள் வரமாட்டார் என்று தெரிந்ததும் கணக்கை மூடினார்கள். மூடிய உடனே ஊரெல்லாம் டிக்கெட் நின்றுபோனது. அலறியடித்துத் திறந்தார்கள். அன்றிலிருந்து யாரும் அதன்மேல் கை வைக்கவில்லை. "ஆளு வீட்ல. பேரு மட்டும் ஆபீஸ்ல ஓவர்டைம் பாக்குது," என்று பூட்டு ஒருமுறை சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவரும் அப்புறம் அந்த ஜோக்கைச் சொல்லவில்லை.

தனிக் கணக்கு கேட்டு அவள் கொடுத்த விண்ணப்பம் எந்த மாடியில் யார் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்பது கடவுளுக்குக்கூடத் தெரியாது. அதற்குள் புது சர்வர் வந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அண்ணன் கணக்கையே இதிலும் ஏற்றினாள். சர்வர் மாறினால் பாஸ்வேர்டும் மாறவேண்டும் என்பது விதி. இன்று காலை பழையதைத் தேடி எடுத்து, மாற்றி, புதியதை டைரக்டரியிலும் சர்வரிலும் பதித்தாள். சோதித்தாள். எல்லாம் பச்சை. 'வெற்றிகரமாக முடிந்தது' என்று மேனேஜருக்கு மெயில் போட்டாள்.

அந்த மெயிலின் சூடு ஆறுவதற்குள் முதல் பூட்டு விழுந்தது.

"பழைய சர்வர் எங்கயாவது உசுரோட இருக்கா?" என்றார் பூட்டு. "அதுதான் பழைய பாஸ்வேர்டோட வந்து கதவை இடிக்குதோ?"

"பவர் கேபிளையே உருவிட்டேன் அண்ணே. இதோ என் கால்ல சுத்திக்கிட்டு கெடக்கு."

"அப்போ ஆளுதான். மெஷின் தட்டினா ஒரே சீராத் தட்டும். டக், டக், டக். இது அப்படி இல்ல. ஒண்ணு தட்டுது. சும்மா இருக்கு. யோசிக்குது. அப்புறம் இன்னொண்ணு. நடுவுல எழுந்து போய் தண்ணி குடிச்சுட்டு வர்ற மாதிரி இருக்கு."

"எங்கேருந்து அண்ணே?"

"வெளிவாசல் வழியா."

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் கம்பெனிக்குள் நுழையும் வழிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. அந்த வாசலைப் பார்த்துக்கொள்வது வெளியிலுள்ள வேறொரு கம்பெனி. எந்த வீட்டிலிருந்து, எந்த முகவரியிலிருந்து தட்டுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன். 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியமானது'ன்னு பதில் வந்திருக்கு. அப்புறம் ஒரே பாட்டு. நாலு தடவை கேட்டுட்டேன், இப்போ எனக்கே பாட வரும்."

"அண்ணன் பேரை எதுக்கு அண்ணே ஒருத்தன் இப்படிப் போட்டு அடிக்கணும்?"

"அந்தப் பேரைச் சாய்ச்சா மொத்தக் கம்பெனியும் சாயும்னு தெரிஞ்சவனா இருப்பான்."

"அது தெரிஞ்சது நீங்களும் நானும்தான்."

"அதைத்தான் நானும் யோசிச்சேன்," என்று பூட்டு சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

கதவு திறக்கும் முன்பே செண்ட் வாசனை வந்தது. மேனேஜர்.

"என்னம்மா இது? வெற்றிகரமா முடிஞ்சதுன்னு மெயில் போட்டிருக்க. வெளியில போய்ப் பாரு, வெற்றி எப்படி இருக்குன்னு. ஒருத்தர் என் டையைப் பிடிச்சுட்டார்!"

டை உண்மையிலேயே ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"சார், சர்வர்ல தப்பு இல்ல. யாரோ வெளியிலேர்ந்து தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போடறாங்க. வேற ஒரு கணக்கு மட்டும் குடுத்தீங்கன்னா..."

"வேற கணக்கு குடுத்தா அதையும் உடைப்பான். முதல்ல ஆள் யாருன்னு சொல்லு."

"அதைச் சொல்ல வேண்டியவங்க பாட்டுப் போட்டுட்டு இருக்காங்க சார்."

மேனேஜருக்கு வெளிவாசலைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கம்பெனியில் மேலிடத்து ஆள் ஒருவரைத் தெரியும். போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசினார். தலையாட்டினார். பிறகு மெதுவாகத் திரும்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த அவளையே பார்த்தார்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"போன வாரம் ஒரு நாள் வீட்லேர்ந்து வேலை பாத்தியே, ஞாபகம் இருக்கா?"

"ஆமா சார். குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாங்க."

"அன்னைக்கு நீ எந்த முகவரியிலேர்ந்து உள்ள வந்தியோ, இன்னைக்கு அதே முகவரியிலேர்ந்துதான் தட்டறாங்க. காலையிலேர்ந்து. உன் வீடும்மா. உன் வீட்டு இன்டர்நெட்."

ஸ்பீக்கர் போன் இன்னும் திறந்தே இருந்தது. மேலே, இரண்டு மாடி உயரத்தில், பூட்டு மூச்சை இழுத்துக்கொள்ளும் ஓசை கேட்டது.

"சார், நான் இங்கதானே உக்காந்திருக்கேன்..."

"நீ இங்க. வீட்ல உனக்கு ஆளே இல்லையா? நீயே பூட்டச் சொல்லி, நீயே தொறந்து, 'இவ இல்லன்னா கம்பெனியே இல்ல'ன்னு பேர் வாங்கலாம்னு பாத்தியோ?"

"சார்!"

"எனக்கு உங்க அண்ணனைப் பிடிக்கும். உன்னையும்தான். ஆனா சாயங்காலம் போர்டு மீட்டிங். யாரு பண்ணாங்கன்னு ஒரு பேர் கேப்பாங்க. அதுக்குள்ள நீ ஒரு பேர் சொல்லு. இல்லன்னா உன் பேரைத்தான் நான் சொல்லணும்."

அவள் எழுந்தாள். கால்களில் பழைய சர்வரின் கேபிள் சிக்கியது. உதறினாள்.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரேன்."

"போ. கார்டை வெச்சுட்டுப் போ."

கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அதை வைக்கும்போது அவள் நினைத்தது வேலையை அல்ல. அந்த அட்டைக்குப் பின்னால்தான் குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு இருந்தது. அந்தக் காப்பீட்டில்தான் தெரபிஸ்ட் வாராவாரம் வந்து அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பழக்குகிறார். அட்டை போனால் தெரபிஸ்ட் போவார். தெரபிஸ்ட் போனால் அந்த விரல்கள் மடங்கினது மடங்கினதுதான்.

படியிறங்கும்போதே அண்ணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, வீட்ல யார் இருக்கா?"

"யார் இருப்பாங்க? நானும் உங்க அண்ணனும். ஏன், பிரதமர் வரேன்னு சொல்லியிருக்காரா?"

"விளையாடாதீங்க. யாராவது கம்ப்யூட்டரைத் தொட்டாங்களா?"

"உன் ரூமுக்குள்ள நான் போறதே இல்ல. போனா துணியை மடிக்கலைன்னு எனக்குக் கோவம் வரும். இரு, குக்கர் அடிக்குது..."

லைன் கட்டானது. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம், வேண்டாத விருந்தாளி மாதிரி, உள்ளே வந்து உட்கார்ந்தது.

அண்ணி?

ஆறு மாதமாகப் பேசாத கணவன். அவன் மெயில்களில் என்ன இருக்கிறது, கடைசியாக யாரிடம் என்ன எழுதினான், தன்னைப்பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறானா என்று ஒரு மனைவிக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்காதா? ஒவ்வொரு பாஸ்வேர்டாக யோசித்துப் போட்டுப் பார்ப்பது. கல்யாண நாள். அவன் பிறந்த நாள். தன் பெயர். ஒன்றும் திறக்காதபோது எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு, திரும்ப வந்து இன்னொன்று.

பூட்டு சொன்ன தாளம் அப்படியே பொருந்தியது.

கம்பெனி பஸ்ஸிலேயே ஏறினாள். கார்டைக் காட்டியிருந்தால் டிக்கெட் வேண்டாம். கார்டுதான் இல்லையே. பணத்தை நீட்டினாள்.

"உள்ள வைங்கம்மா அதை," என்றார் கண்டக்டர். கையிலிருந்த டிக்கெட் மெஷினைத் தொடையில் இரண்டு தட்டு தட்டினார். "சனியன், லாகினே ஆக மாட்டேங்குது. தலைமை ஆபீஸ்ல எவனோ உக்காந்து பாஸ்வேர்டை வெச்சு விளையாடறானாம். அவன் மட்டும் என் பஸ்ல ஏறட்டும்..."

"ஏறினா?" என்றார் பின் சீட்டுக்காரர்.

"டாப்புல ஏத்தி உக்கார வெச்சு, டிரைவரை ஓட்டச் சொல்லுவேன்."

"அட போய்யா. அவன் நூறு வருஷம் நல்லா இருக்கணும். மூணு பஸ் மாறிட்டேன், ஒருத்தனும் டிக்கெட் கேக்கல."

பஸ்ஸே சிரித்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு சிக்னலும் அவளுக்காகவே சிவப்பில் காத்திருந்த மாதிரி இருந்தது. போன் அதிர்ந்தது. பூட்டு.

"தங்கச்சி, தொறந்தேன். பூட்டிக்கிச்சு. திரும்ப அஞ்சு."

"எப்ப?"

"இப்பதான். நீ பஸ்ல இருக்கறப்பவே. ஒண்ணு மட்டும் நல்லது, உன் மேல தப்பு இல்லன்னு நான் சாட்சி சொல்லலாம்." கொஞ்சம் தயங்கினார். "வீட்ல யாரா இருந்தாலும்... கோவப்படாம பேசு."

அவரும் அண்ணியைத்தான் நினைக்கிறார் என்று புரிந்தது. அதுவே அவள் கோபத்தை இன்னும் ஏற்றியது.

அடுக்குமாடி வீட்டில் லிஃப்ட் வேறு வேலை செய்யவில்லை. மூச்சிரைக்க ஏறி, பெல்லை அழுத்திய கையை எடுக்கவே இல்லை. கதவைத் திறந்த அண்ணியின் தோளில் ஈரத்துண்டு.

"பெல் எரிஞ்சு போயிடும்டி! என்ன ஆச்சு? ஏன் இந்த நேரத்துல...? உன் கார்டு எங்க?"

"அண்ணி, என்கிட்ட பொய் சொல்லாதீங்க. அண்ணன் பாஸ்வேர்டைப் போட்டுப் பாத்தீங்களா?"

அண்ணி தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்தாள்.

"நானா?"

"இந்த வீட்லேர்ந்துதான் யாரோ காலையிலேர்ந்து தட்டிட்டு இருக்காங்க. ஊர்ல ஒரு பஸ்லயும் டிக்கெட் கிடையாது. என்னை வெளிய அனுப்பிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள பேர் சொல்லலைன்னா என் வேலை போயிடும். வேலை போனா தெரபிஸ்ட் வர மாட்டாங்க. அதுக்குத்தான் கேக்கறேன். நீங்களா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவர் போனைக்கூட நான் எடுத்துப் பாத்ததில்ல." அண்ணியின் குரல் தாழ்ந்தது, தாழ்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. "மூஞ்சியைப் பாத்தே எல்லாம் தெரிஞ்சுக்குவேன். இப்ப மூஞ்சியும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அதுக்காகத் திருட்டுத்தனமா அவர் லெட்டரைப் படிப்பேன்னு நெனச்சியா? நீயா இப்படிக் கேக்கற?"

"அப்போ யாரு அண்ணி? இங்க வேற யார் இருக்கா? அவர் லேப்டாப் எங்க?"

"அவர் முன்னாடிதான் இருக்கு. தெரபிஸ்ட் சொன்னதால வெச்சிருக்கேன். பழகின சாமான் எல்லாம் கண்ணுல படட்டும், கையில படட்டும்னு சொன்னாங்கல்ல. ஷேவிங் பிரஷ், வாட்ச், அது. காலையில தொறந்து வெச்சுட்டு நான் என் வேலையைப் பாக்கப் போயிடுவேன். அவர் பாட்டுக்கு அதைத் தடவிக்கிட்டு இருப்பார், குழந்தை பொம்மையைத் தடவற மாதிரி."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக உள் அறைக்கு நடந்தாள்.

ஜன்னலோரச் சக்கர நாற்காலியில் அண்ணன். எதிரே உணவு மேஜைபோல ஒரு சின்னப் பலகை, அதில் லேப்டாப். வலது கை மடியில் கிடந்தது. இடது கையின் ஒரே ஒரு விரல் கீபோர்டின்மேல் நின்றது. திரையில் வெளிவாசலின் பக்கம். சிவப்பு எழுத்துகள்: 'உங்கள் கணக்கு பூட்டப்பட்டுள்ளது.'

அவ்வளவுதான். விஷயம் இவ்வளவுதான். சதியில்லை, திருடனில்லை. நினைவில்லாத ஒருவன் கண்டபடி தட்டிய சாவிகள். கம்ப்யூட்டர் அவன் பெயரைத் தானாகவே நிரப்பி வைத்திருக்கும். கீழே என்ன தட்டினாலும் அது தப்பான பாஸ்வேர்டாகப் போய் விழும். இதற்காக அவள் காலையிலிருந்து செத்துப் பிழைத்திருக்கிறாள். இதற்காக அண்ணியைத் திருடியா என்று கேட்டிருக்கிறாள்.

"போதும் அண்ணா!"

அவளை மீறி வெடித்துவிட்டது. லேப்டாப்பைப் படாரென்று மூடினாள்.

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. மூடிய லேப்டாப்பைப் பார்த்தான். இடது கை மெதுவாக நகர்ந்து விளிம்பைத் தேடியது. நகத்தால் நெம்பியது. நழுவியது. மறுபடி நெம்பித் திறந்தது.

"காலையிலேர்ந்து இதே பிடிவாதம்," என்றாள் அண்ணி பின்னாலிருந்து. கோபம் இன்னும் குரலில் இருந்தது. "சாப்பாடு ஊட்டினா வாயைத் தொறக்கல. தினமும் நல்லாத்தான் இருப்பார். பச்சையா ஒரு பஸ் படம் வந்துடும், அதைப் பாத்துட்டே உக்காந்திருப்பார். இன்னைக்கு என்னவோ அந்தப் படம் வரல. சிவப்பாவே வருது. உன் ஆபீஸ்ல ஏதாவது ரிப்பேரா?"

"இருங்க அண்ணி, முதல்ல அவர் பேரைத் தொறக்கச் சொல்றேன். அப்புறம் இதை எடுத்து உள்ள வெச்சுடுங்க. இன்னைக்கு ஒரு நாள்." பூட்டுக்குப் போன் செய்தாள். "அண்ணே, ஆள் கெடச்சாச்சு. அண்ணன்தான். ஒண்ணும் தெரியாம தட்டியிருக்கார். ஒரே ஒரு தடவை தொறங்க. நான் லேப்டாப்பைப் பிடுங்கிடறேன்."

"அடக் கடவுளே... தொறந்துட்டேன்."

லேப்டாப்பை எடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் அண்ணனின் விரல் நகர்ந்துவிட்டது.

கண்டபடி தட்டுகிறவனின் விரல் ஏன் இவ்வளவு தூரம் பயணப்பட வேண்டும்? இடது ஓரத்திலிருந்து கிளம்பி, மேல் வரிசையின் வலது கோடிவரை நடுங்கிக்கொண்டே போய், ஒரு சாவியின்மேல் நின்று, அதுதானா என்று பார்த்து, அழுத்தியது. திரையில் ஒரு புள்ளி. அவள் நீட்டிய கை அப்படியே நின்றது. விரல் அடுத்ததைத் தேடியது. கண்டுபிடித்தது. இன்னொரு புள்ளி. ஓர் எழுத்தில் தவறி அடுத்த சாவியில் பட்டுவிட, அழிக்கும் சாவிக்குப் போய் ஒரே ஒரு தடவை அழுத்தி, சரியானதற்குத் திரும்பியது.

எழுத்துகளை அவள் மனதுக்குள் கோத்துக்கொண்டே வந்தாள். பாதியிலேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பாக்கி என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் பழைய சர்வரின் கோப்பிலிருந்து பிரித்தெடுத்தபோது, அண்ணனுடைய குசும்பு என்று தனியாக உட்கார்ந்து சிரித்தாளே, அது. 'அப்புறம் மாத்திக்கலாம்' என்று ஆங்கில எழுத்துகளில், இடைவெளி இல்லாமல்.

கடைசி எழுத்து விழுந்தது. விரல் தயங்கியது. பிறகு எண்களின் வரிசைக்கு ஏறி ஒன்றை அழுத்தி, கடைசியாக என்டரைத் தட்டியது.

திரை சிவப்பானது. அண்ணன் திரையையே பார்த்தான். பிறகு மெல்லத் திரும்பி, மழைக்காலத்துக்குப் பிறகு முதல்முறையாக, அவள் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு புகார் இருந்தது.

"அண்ணி," என்றாள். "அந்தப் பச்சை பஸ் படம்... அது தானா வராது அண்ணி. யாராவது உள்ள போனாத்தான் வரும்."

"அப்படின்னா?"

போன் அலறியது. மேனேஜர். பின்னணியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். மீட்டிங்குக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா, பேர் கெடச்சுதா? காலையிலேர்ந்து தப்புத் தப்பாப் பாஸ்வேர்ட் போட்டது யாரு?"

"எங்க அண்ணன் சார்."

"பாவம்மா. சரி விடு, சுயநினைவு இல்லாத ஆளு, ஏதோ தெரியாம தப்பாத் தட்டிட்டார்னு நான் சொல்லிக்கிறேன்."

"தப்பாத் தட்டல சார்." அண்ணி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "ஒரு எழுத்துகூடத் தப்பு இல்ல. இவ்வளவு நாளா தினமும் சரியா அடிச்சு உள்ள வந்துட்டு இருந்திருக்கார். சரியா வந்தவங்களை நம்மள்ல யாரும் பாக்கறதே இல்ல. இன்னைக்குக் காலையில பாஸ்வேர்டை மாத்தினது நான்தான்."